மொட்டை மாடித் தளத்தில் ஸ்கைலைட்: செலவும் சந்தேகங்களும்

வீடு கட்டுபவர்களுக்கும் பழைய வீட்டைச் சீர் செய்பவர்களுக்கும் வேலை பார்த்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். ஸ்கைலைட் பற்றி எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்து, தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு வீடுகளை, அதிலும் கான்கிரீட் தளம் போட்ட வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது.

பெரும்பாலானவர்கள் "கண்ணாடி சதுர அடி என்ன விலை?" என்றுதான் தொடங்குகிறார்கள். மொத்தச் செலவில் கண்ணாடியின் பங்கு சிறியதுதான். ஓட்டை போடுவதற்கும், அந்த ஓட்டையின் விளிம்பைத் தண்ணீர் புகாமல் கட்டுவதற்கும்தான் பணம் போகிறது. போகவும் வேண்டும். அந்த இடத்தில் மிச்சம் பிடித்தவர்கள்தான் ஐப்பசி மழையில் ஹாலில் வாளி வைக்கிறார்கள்.

விலை எல்லாம் தோராயம்தான். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்று ஒவ்வொரு மதிப்பீட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கைலைட்னா என்னங்க? முற்றம் மாதிரியேதானா?

கூரையில் ஒரு திறப்பு விட்டு, வெளிச்சம் புகும் கண்ணாடியோ பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு அதை மூடினால் ஸ்கைலைட். முற்றம் வானத்துக்குத் திறந்தது. அதில் வெளிச்சத்தோடு காற்றும் மழையும் வரும். வரைபடத்தில் ஓ.டி.எஸ். என்று இன்ஜினியர் குறித்திருப்பதும் அப்படி மேலே மூடாமல் விட்ட இடம்தான். ஸ்கைலைட்டில் வெளிச்சம் மட்டுமே கிடைக்கும். காற்று வேண்டுமென்றால் தனியாக வழி செய்ய வேண்டும்.

ஓட்டு வீட்டில் அடுப்பங்கரைக்கு மேலே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு செருகியிருப்பார்களே, அதுவும் ஸ்கைலைட்தான். புதிதாக வந்த சமாச்சாரம் ஒன்றுமில்லை.

எந்த ரூம்ல போட்டா உருப்படியா இருக்கும்?

மாடிப்படிக்கு மேலே. நான் முதலில் சொல்வது எப்போதும் இந்த இடத்தைத்தான். படி வழியாக வெளிச்சம் கீழ்த்தளம் வரை இறங்கும், கொஞ்சம் சூடானாலும் யாரும் அங்கே உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அடுத்தது, இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கும் நீள வீடுகளின் நடுப்பகுதி. அந்த வீடுகளில் சாப்பாட்டு இடமும் நடைபாதையும் நண்பகலிலும் இருட்டாகவே கிடக்கும். ஜன்னல் வைக்கச் சுவரே இல்லாத இடத்தில் கூரையைத் தவிர வேறு வழி கிடையாது. ஜன்னல் இல்லாத குளியலறைக்கும் பூஜை அறைக்கும் சின்னதாக ஒன்று வைத்தால் நன்றாக இருக்கும்.

படுக்கையறையில் வேண்டாம் என்பேன். காலை ஆறு மணிக்கே வெளிச்சம் முகத்தில் அடிக்கும், மத்தியானம் சூடு இறங்கும். டி.வி. இருக்கும் ஹாலில் திரை கண்ணைக் கூசும். சமையலறையில் வைக்கலாம். ஆனால் அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் எண்ணெய்ப் புகை கண்ணாடியின் அடிப்பக்கத்தில் பிசுக்காகப் படியும். இன்னொன்று, மேலே மாடி இல்லாத தளத்தில்தான் இதெல்லாம் முடியும்.

எவ்வளவு பெருசா வைக்கணும்?

நீங்கள் நினைத்திருப்பதைவிடச் சின்னதாக. மேலிருந்து வரும் வெளிச்சம், அதே அளவு ஜன்னலில் வருவதைப் போலப் பல மடங்கு. நம் ஊர் வெயிலுக்கு அறையின் தரைப்பரப்பில் 3 முதல் 5 சதவீதம் போதும் என்பது என் கணக்கு. பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டுக்கு இரண்டு அடி திறப்பு தாராளம். மூன்றுக்கு மூன்று என்பது பெரிய ஹாலுக்கும் இரண்டு மாடிப் படிக்கட்டுக்கும் சரி.

படத்தில் பார்த்துவிட்டு "ஆறுக்கு ஆறு வேணும்" என்று வருகிறவர்கள் உண்டு. அந்தப் படங்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டு வீடுகள். அங்கே சூரியன் சாய்வாகவே போகும். நம் தலைக்கு நேர் மேலே வரும்.

புது வீடு கட்டறோம். இப்பவே வச்சா என்ன செலவாகும்?

இப்போது வைப்பதுதான் சரியான நேரம். சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகையும் முட்டும்) அடிக்கும்போதே திறப்பு விட்டுவிட்டால் பின்னால் வெட்டும் செலவு அறவே இல்லை. திறப்பால் நின்றுபோகும் கம்பிகளுக்கு ஈடாக இருபுறமும் கூடுதல் கம்பி கட்ட வேண்டும். நான்கு மூலையிலும் குறுக்குவாக்கில் ஒரு கம்பி வைக்க வேண்டும். இந்தக் குறுக்குக் கம்பியை மேஸ்திரி விட்டுவிட்டால், கொஞ்ச நாளில் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கான்கிரீட் போடும் முன் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றுக்கு மூன்று அடி திறப்புக்கு, சுற்றுக்கட்டும் (திறப்பின் விளிம்பில் தளத்துக்கு மேலே எழுப்பும் சின்னச் சுவர்) நீர்த்தடுப்பும் 5,000 முதல் 10,000 ரூபாய். கண்ணாடி இருபுறமும் நீட்டிக்கொண்டு மூன்றரைக்கு மூன்றரை வேண்டும், அதாவது சுமார் 12 சதுர அடி. லேமினேட் செய்த டஃபன் கண்ணாடி (சூடேற்றிப் பலப்படுத்திய இரண்டு கண்ணாடியைப் படலம் வைத்து ஒட்டியது) சதுர அடி 400 முதல் 600 என்று வைத்தால் 5,000 முதல் 7,500. சட்டம், ரப்பர், சிலிகான், பொருத்துக்கூலி 6,000 முதல் 12,000. அடியில் இரும்பு கிரில் 3,000 முதல் 6,000. ஆக 20,000 முதல் 35,000-க்குள் முடியும்.

கட்டி முடிச்ச வீடு. தளத்தை வெட்டலாமா? வீட்டுக்கு ஆபத்து இல்லையே?

வெட்டலாம், ஆனால் எல்லாத் தளத்தையும் எல்லா இடத்திலும் வெட்ட முடியாது. பீமைத் தொடவே கூடாது. தளத்துக்குள்ளேயே மறைத்துக் கட்டிய பீமும் இருக்கும், கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. சுவரைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கும் பால்கனி, சன்ஷேட் பகுதியிலும் வெட்டக் கூடாது. கீழ்ப்பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் பழைய தளமாக இருந்தால் ஸ்கைலைட் யோசனையை விட்டுவிட்டு முதலில் தளத்தைக் காப்பாற்றுங்கள்.

சாதாரண வீட்டுத் தளம் நான்கரை, ஐந்து அங்குலக் கனம். கம்பிகள் ஏறக்குறைய ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும். மூன்று அடி திறப்பு என்றால் ஒவ்வொரு திசையிலும் ஆறு கம்பி அறுபடும். அறையின் குறுகிய பக்கத்துக்கு இணையாக ஓடுபவைதான் பெரும்பாலும் பளுவைத் தாங்கும் முதன்மைக் கம்பிகள். அதனால் நீள்சதுரத் திறப்பு வைத்தால் அதன் நீளம் அந்தக் கம்பிகளின் போக்கிலேயே இருக்கட்டும். அறுபடும் முதன்மைக் கம்பி குறையும். அறுபட்டதற்கு ஈடாகத் தளத்தின் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்துச் சுவரிலோ பீமிலோ உட்கார வைக்க வேண்டும். எந்த அளவு இரும்பு, எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் வந்து பார்க்க வேண்டும். மேஸ்திரி எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இது அவர் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. கம்பி ஓட்டத்தை மேலிருந்தே காட்டும் ஸ்கேனர் கருவியும் இருக்கிறது. தளத்துக்குள் போகும் கரண்ட் பைப் எங்கே என்பதையும் வெட்டும் முன் பார்த்துவிட வேண்டும்.

வெட்டுவது வைரப் பல் வைத்த ரம்பத்தால். பிரேக்கர் வைத்து இடித்தால் அதிர்வில் சுற்றுவட்டாரம் முழுக்க மயிரிழை விரிசல் விழும். அப்புறம் ஸ்கைலைட் ஒழுகாவிட்டாலும் தளம் ஒழுகும். வெட்டும் முன் அடியில் ஜாக்கி முட்டு கட்டாயம். மூன்றுக்கு மூன்று அடி, ஐந்து அங்குலக் கனத் துண்டு சுமார் 265 கிலோ இருக்கும். அதை ஒரே துண்டாக இறக்க நினைக்காமல் சிறு சிறு துண்டாக அறுத்து எடுக்க வேண்டும். அறுபட்ட கம்பி முனைகளை எபாக்ஸியோ பாலிமர் கலவையோ பூசி மூடாமல் விட்டால் துரு அங்கிருந்துதான் உள்ளே போகும்.

சரி, அப்படி வெட்டிப் போட்டா மொத்தம் எவ்வளவு?

அதே மூன்றுக்கு மூன்று அடிக்கு 45,000-லிருந்து ஒரு லட்சம் வரை வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினியர் பார்த்துக் கணக்குப் போட 3,000 முதல் 8,000. ரம்பத்தால் வெட்டி இறக்கி அப்புறப்படுத்த 8,000 முதல் 20,000. அடியில் இரும்புச் சட்டம் 10,000 முதல் 25,000. சுற்றுக்கட்டும் நீர்த்தடுப்பும் புது வீட்டைவிடச் சற்றுக் கூடும், 6,000 முதல் 12,000. கடைசியில் கீழே பூச்சு, பெயின்ட் சரி செய்ய 4,000 முதல் 8,000. கண்ணாடி, சட்டம், கிரில் மூன்றும் புது வீட்டுக்குச் சொன்ன அதே தொகைதான்.

கூட்டிப் பார்த்தால் கண்ணாடி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் வரும். அதனால் மலிவுக் கண்ணாடி போட்டு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. "எல்லாம் சேர்த்து 15,000-ல் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், இந்தப் பட்டியலில் எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். பெரும்பாலும் இரும்புச் சட்டமும் நீர்த்தடுப்பும்தான் விடுபட்டிருக்கும்.

பாலிகார்பனேட் போதுமா, கண்ணாடியே போடணுமா?

பாலிகார்பனேட் எடை குறைவு, எளிதில் உடையாது, விலையும் குறைவு. நடுவில் காற்றறை உள்ள இரட்டைச் சுவர் ஷீட் 10 மி.மீ. கனத்தில் சதுர அடி 70 முதல் 120 ரூபாய்க்கே கிடைக்கும். காற்றறை இருப்பதால் சூட்டையும் ஓரளவு தடுக்கும். குறை என்னவென்றால், வருடம் போகப் போக மஞ்சளாகும், கீறல் விழும், மழை பெய்தால் சத்தம் காது பிளக்கும். படுக்கையறை பக்கத்தில் இருந்தால் இந்தச் சத்தத்தை லேசாக நினைக்காதீர்கள்.

பொருத்தும்போது இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஷீட்டில் வெயிலைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் சீக்கிரமே மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். அடுத்தது, பாலிகார்பனேட் சூட்டில் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரியும். இரண்டு மீட்டர் ஷீட் 40 டிகிரி வித்தியாசத்துக்கு 5 மி.மீ. நீளும். ஸ்க்ரூ ஓட்டையைப் பெரிதாக விடாமல் இறுக்கினால் ஷீட் நெளியும், ஓட்டையைச் சுற்றிக் கிழியும், அங்கே தண்ணீர் இறங்கும்.

சின்னத் திறப்புக்குக் கண்ணாடியே என் தேர்வு. விலை வித்தியாசம் சில ஆயிரம்தான், இருபது வருடம் தெளிவாக இருக்கும். பெரிய முற்றத்தை மூடும்போது எடையும் செலவும் பார்த்துப் பாலிகார்பனேட் பக்கம் போகலாம்.

டஃபன் கண்ணாடி 12 எம்எம் போட்டா உடையாதுன்னு கடைக்காரர் சொல்றாரு. அது போதும்ல?

போதாது. டஃபன் கண்ணாடி பலமானதுதான். ஆனால் உடைந்தால் முழுவதும் சிறு துண்டுகளாகிக் கொட்டும். கை கால் கிழிக்காத துண்டுகள் என்றாலும், 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. அது மொத்தமும் பத்தடி உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் என்ன ஆகும்? டஃபன் கண்ணாடி சில சமயம் எதுவும் படாமலே தானாக வெடிக்கும். தயாரிப்பின்போது உள்ளே தங்கிவிடும் நிக்கல் சல்பைடு துகள் அதற்குக் காரணம். அபூர்வம்தான், ஆனால் நடக்கும்.

தலைக்கு மேலே எப்போதும் லேமினேட் கண்ணாடி. இரண்டு டஃபன் கண்ணாடிக்கு நடுவில் பி.வி.பி. என்ற ஒட்டுப்படலம் வைத்து அழுத்தியது. உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு மேலேயே நிற்கும். மாற்றும் வரை அவகாசம் கிடைக்கும். மூன்றுக்கு மூன்று திறப்புக்கு 5+1.52+5 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள், பெரிதானால் 6+1.52+6. அந்தப் படலம் புற ஊதாக் கதிரையும் ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும். சோபா துணி வெளுக்காது. படலத்தைப் பால் வெள்ளை நிறத்தில் கேட்டால் வெளிச்சம் பரவலாக விழும், தரையில் சுள்ளென்று ஒரு கட்டம் தெரியாது. வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

வெயில் நேரா உள்ள வந்து வீடு அடுப்பாயிடாதா?

நியாயமான பயம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் தொடக்கத்திலும். தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். மூன்றுக்கு மூன்று அடி என்பது 0.84 சதுர மீட்டர். சாதாரணத் தெளிவான கண்ணாடி அதில் எண்பது சதவீதத்தை உள்ளே விட்டால் 650 வாட்டுக்கு மேல் சூடு இறங்குகிறது. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய சூடு 3,500 வாட். அதாவது அந்த ஏ.சி.யின் ஐந்தில் ஒரு பங்கு வேலையை இந்த ஒரு கண்ணாடி தின்றுவிடும். ஆறுக்கு ஆறு வேண்டுமென்று கேட்பவர்கள் இதை நான்கால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இதற்கு முதல் வழி சின்னதாக வைப்பது. அடுத்தது வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவது. கோடையில் கண்ணாடிக்கு மேலே ஒரு அடி உயரத்தில் பச்சை நிழல்வலை கட்டினால், உள்ளே போடும் எந்தத் திரையைவிடவும் அதிகப் பலன் தரும். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. கறுப்பு, பழுப்பு நிறக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கிற அளவுக்குச் சூட்டைக் குறைக்காது, தானும் கொதிக்கும். சூரிய வெப்பம் தடுக்கும் பூச்சு உள்ள கண்ணாடியை லேமினேட் செய்து வாங்கலாம், விலை கூடும். கடையில் எஸ்.எச்.ஜி.சி. எண் எவ்வளவு என்று கேளுங்கள். 0.3 என்றால் வெயிலில் முப்பது சதவீதச் சூடுதான் உள்ளே வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. கண்ணாடியைப் படுக்க வைக்காமல், தளத்துக்கு மேலே இரண்டு அடி உயரச் சின்னக் கூண்டு கட்டி அதற்குக் கான்கிரீட் மூடி போட்டு, வடக்குப் பக்கம் மட்டும் நிமிர்ந்த கண்ணாடி வைப்பது. பழைய தொழிற்சாலைகளின் ரம்பப்பல் கூரைகளில் இந்த உத்தி உண்டு. வருடத்தில் பெரும்பகுதி நேர் வெயில் விழாது, ஒழுகும் வாய்ப்பும் பாதியாகும். ஜூன் மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே போவதால் மூடியை ஒன்றரை அடி வெளியே நீட்டிவிட வேண்டும். தெற்குப் பக்கத்தில் கொசுவலை வைத்த லூவர் (காற்றுப் போகச் சாய்வாக அடுக்கிய பட்டைகள்) விட்டால் சூடான காற்று மேலே ஏறி அதன் வழியே போய்விடும்.

மழைக்கு ஒழுகாம இருக்க என்ன செய்யணும்?

தளத்தோடு சமமாகக் கண்ணாடியைப் பதிக்காதீர்கள். தட்டோடு அல்லது கூல் டைல் பதித்த மட்டத்துக்கு மேலே 9 அங்குலமாவது சுற்றுக்கட்டு எழும்ப வேண்டும். தளத்தில் பூசும் நீர்த்தடுப்பு அந்தக் கட்டின் மேல் ஏறி, உச்சியையும் தாண்டி உள்பக்கம் மடங்க வேண்டும். கட்டின் அடியில் தளம் சேரும் மூலையைக் கலவை வைத்து வட்டமாக இழுக்க வேண்டும். ஒழுகல் எண்ணிக்கையில் பெரும்பங்கு கண்ணாடியில் இல்லை, இந்த மூலையில்தான்.

கண்ணாடிக்கு அடிக்கு ஒரு அங்குலம் சாய்வு கொடுங்கள். நான்கு பக்கமும் கட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டியிருக்கட்டும். தாழ்ந்த பக்கத்தில் சட்டத்தின் விளிம்பு கண்ணாடிக்கு மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் தண்ணீர் அங்கே தேங்கும், அழுக்கு சேரும், சிலிகான் பிடிப்பு விடும். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஈ.பி.டி.எம். என்ற வெயில் தாங்கும் ரப்பர், விளிம்பில் நியூட்ரல் வகை சிலிகான். பூசும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் மலிவு. அது கான்கிரீட்டில் ஒட்டாது, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், லேமினேட் படலத்தின் ஓரத்தையும் கெடுக்கும்.

வேலையைப் பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்துச் சித்திரைக்குள் முடியுங்கள். முடிந்ததும் சுற்றிலும் தற்காலிக வரப்பு கட்டி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். கண்ணாடி மேல் ஹோஸ் பைப்பால் அரை மணி நேரம் அடியுங்கள். கடைசித் தவணைப் பணம் இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

எங்களுது ஓட்டு வீடு. இவ்வளவும் தேவையா?

தேவையே இல்லை. மங்களூர் ஓட்டின் அளவிலேயே கண்ணாடி ஓடு கிடைக்கிறது. பழைய ஓட்டை உருவிவிட்டு இதைச் செருகினால் வேலை முடிந்தது. ஓட்டுக்குச் சில நூறு ரூபாய்தான். ஒரு அறைக்கு இரண்டு, மூன்று போதும். உங்கள் ஓட்டில் எந்த ஆலையின் முத்திரை இருக்கிறது என்று பார்த்து அதே வார்ப்புக்கு ஏற்றதா என்று சரிபாருங்கள். ஆலைக்கு ஆலை வரி கொஞ்சம் மாறும். பொருந்தாத ஓடு ஒழுகும்.

மரக்கட்டைகளுக்கு மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு வேறு கதை. அந்தத் தளத்தைக் கான்கிரீட் போல நினைத்து ரம்பம் வைத்தால் செங்கற்கள் பிடிப்பு இழந்து சரியும். இரண்டு கட்டைக்கு நடுவே கிடைக்கும் குறுகிய இடத்தில் மட்டும், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளை வைத்துத் திறக்கலாம்.

தளத்தை வெட்டவும் பயமா இருக்கு, பணமும் இல்ல. வேற வழி இருக்கா?

இருக்கிறது. மாடிப்படி என்றால் முதலில் ஹெட் ரூம் (மொட்டை மாடியில் படி முடியும் இடத்தில் உள்ள சின்ன அறை) சுவரைப் பாருங்கள். தளத்தைத் தொடாமல் அந்தச் சுவரில் ஒரு பெரிய ஜன்னலோ கண்ணாடிச் செங்கல் வரிசையோ வைத்தால் ஐந்து, பத்தாயிரத்தில் பாதி வெளிச்சம் கிடைத்துவிடும்.

இன்னொன்று சன் டியூப். பத்து அல்லது பதினான்கு அங்குல விட்டத்தில் வட்டமாகத் துளையிட்டு, உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளக்கும் அலுமினியக் குழாயை இறக்கி, மேலே ஒரு குமிழ் மூடி, கீழே வெளிச்சம் பரப்பும் வட்டு. பத்து அங்குலத் துளையில் திசைக்கு ஒன்றிரண்டு கம்பிதான் அறுபடும் என்பதால் பெரும்பாலும் இரும்புச் சட்டம் தேவைப்படாது. இன்ஜினியரிடம் கேட்டுவிட்டே துளையிடுங்கள். பொருளும் பொருத்துக்கூலியும் சேர்ந்து 15,000 முதல் 40,000 ஆகும். குளியலறைக்கும் நடைபாதைக்கும் இதைவிடச் சரியான தீர்வு இல்லை.

பழைய வீட்டு முற்றத்த பாலிகார்பனேட் போட்டு மூடிடலாம்னு இருக்கோம். செய்யலாமா?

மழைச்சாரல், குரங்கு, திருட்டு என்று காரணங்கள் புரிகின்றன. ஆனால் முற்றம்தான் அந்த வீட்டின் மூச்சு. சுற்றியுள்ள அறைகளின் சூடான காற்று அதன் வழியாகத்தான் மேலே போகிறது. இறுக்கமாக மூடினால் சூடு அடைந்து, சுவர்களில் ஈரம் தங்கி, ஒரு வருடத்தில் வீட்டின் வாடையே மாறிவிடும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் சுற்றுச் சுவருக்கும் புதுக் கூரைக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி விட்டு, வலையும் லூவரும் வையுங்கள். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி வெளியே நீட்டியிருந்தால் சாரல் உள்ளே வராது.

இரும்புச் சட்டத்தோடு பாலிகார்பனேட் என்றால் சதுர அடிக்கு 350 முதல் 600 ரூபாய், லேமினேட் கண்ணாடி என்றால் 900 முதல் 1,500. பத்துக்குப் பத்து முற்றத்துக்கு 35,000-லிருந்து ஒன்றரை லட்சம் வரை எங்கேயும் நிற்கலாம். மழைநீர் போகும் வழியையும் யோசியுங்கள். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் அந்தக் கூரையில் மட்டும் 460 லிட்டருக்கு மேல் விழும். கழிவறை ஜன்னல்கள் திறக்கும் ஓ.டி.எஸ்.ஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள்.

ஃபிளாட்ல டாப் ஃப்ளோர் எங்களுது. மேல மொட்டை மாடிதானே, போட்டுக்கலாமா?

மொட்டை மாடி பொதுவாக எல்லோருக்கும் பொதுச் சொத்து. தளமும் கட்டடத்தின் பொதுக் கட்டமைப்பு. சங்கத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் இன்ஜினியர் சான்றும் இல்லாமல் துளைகூட இடாதீர்கள். பெரிய அடுக்குமாடிகளில் இழுத்து இறுக்கிய எஃகு வடம் ஓடும் தளங்களும் உண்டு. அதில் ஒரு வடம் அறுபட்டால் சரி செய்வது சாதாரணக் காரியம் இல்லை.

புயல் அடிச்சா பிச்சுக்கிட்டுப் போயிடுமா? திருடன் இறங்கிடுவானா?

2016-ல் வர்தாவையும் 2018-ல் கஜாவையும் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி. தட்டைக் கூரையின் மேல் காற்று ஓடும்போது கூரைப்பொருளை மேல்நோக்கி உறிஞ்சும். காற்றுப் பளுவுக்கான ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தையும், மதுரைக்கு 39 மீட்டரையும் அடிப்படையாகச் சொல்கிறது. 50 மீட்டர் வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோ எடைக்குச் சமம். உங்கள் கண்ணாடியின் எடையோ 30 கிலோவுக்குள்தான். ஆகவே "கனமா இருக்கு, தானா உட்காரும்" என்பது தவறு. கண்ணாடியைச் சட்டத்தோடு மேலிருந்து கிளாம்ப் வைத்துப் பிடித்து, சட்டத்தைச் சுற்றுக்கட்டில் ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். சிலிகானை மட்டும் நம்பாதீர்கள். கடலோர ஊர்களில் போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

திருட்டுக்கு, தளத்தின் அடியில் 12 மி.மீ. சதுரக் கம்பி கிரில், நாலு அங்குல இடைவெளியில். மாடியில் குழந்தைகள் விளையாடும் வீட்டிலும் இது கட்டாயம். கண்ணாடி மேல் யாரும் ஏறி நிற்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும், துணி காயப்போட வருபவருக்கும் சொல்லி வையுங்கள்.

மழையே இல்ல, ஆனா கண்ணாடியில தண்ணி நிக்குது. ஒழுகலா?

எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். ஏ.சி. ஓடும் அறையில் கண்ணாடி குளிர்ந்து, வெளிக்காற்றின் ஈரம் அதன் மேல்பக்கம் முத்து முத்தாகப் படியும். அதனால் ஒன்றும் கெடாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் உள்பக்கம் படிந்து சொட்டும். அங்கே நடுவில் காற்றறை உள்ள இரட்டைக் கண்ணாடி போட்டால் பெரும்பாலும் தீரும். குளியலறையில் உள்பக்கம் படிந்தால் வெளியேற்று விசிறி போதவில்லை என்று பொருள்.

கரண்ட் பில் குறையுமா?

பெரிதாகக் குறையாது. 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று தினம் பத்து மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 73 யூனிட். அதை மிச்சம் பிடிக்க 50,000 ரூபாய் செலவழிப்பது கணக்குக்கு உதவாது. பகலில் விளக்குப் போடாமல் படி ஏற முடிகிறது, வீட்டின் நடுவில் உட்கார்ந்து புத்தகம் படிக்க முடிகிறது என்பதற்காகச் செய்யுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இருட்டுப் படி வெளிச்சமாவது சின்ன விஷயமில்லை.

ஏற்கெனவே போட்டது ஒழுகுது. வர்ற ஆளெல்லாம் சிலிகான் அடிச்சுட்டுப் போறாங்க, மறுபடி ஒழுகுது.

அழுக்கேறிய பழைய சிலிகான் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. பழையதை முழுக்கச் சுரண்டி, துடைத்து, காய வைத்துவிட்டுத்தான் புதிதாக அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒழுகல் எங்கே என்று கண்டுபிடியுங்கள். கண்ணாடியைத் தொடாமல் முதலில் சுற்றுக்கட்டின் அடி மூலையில் மட்டும் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு கட்டின் பக்கவாட்டில். கடைசியில்தான் கண்ணாடி மேல். கீழிருந்து மேலாகப் போனால்தான் எந்தக் கட்டத்தில் சொட்டுகிறது என்று தெளிவாகத் தெரியும். அடி மூலை என்றால் சிலிகானுக்கு வேலையே இல்லை, மேலே சொன்னபடி நீர்த்தடுப்பை மறுபடி ஏற்ற வேண்டும். சுற்றுக்கட்டே இல்லாமல் தளத்தோடு சமமாகப் பதித்திருந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கட்டு எழுப்புவதைத் தவிர வேறு நிரந்தர வழி கிடையாது.

இப்ப கிரவுண்ட் ஃப்ளோர் மட்டும்தான். அஞ்சு வருஷத்துல மேல மாடி கட்டுவோம். அப்ப இது என்னாகும்?

வீட்டின் நடுவில் வைத்தால் மாடி வந்ததும் மூட வேண்டியிருக்கும். அதனால் மாடியின் வரைபடத்தை இப்போதே போட்டுவிடுங்கள், கட்டுவது எப்போதாக இருந்தாலும் சரி. மாடியிலும் திறந்த பால்கனியாகவோ மொட்டை மாடியாகவோ நிற்கப்போகும் இடத்துக்குக் கீழே ஸ்கைலைட் வந்தால் அது அப்படியே இருக்கும். நடுவில்தான் வேண்டுமென்றால், அதே இடத்தில் மாடித் தளத்திலும் ஒரு திறப்பு விட்டு, நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர் எழுப்பி, கண்ணாடியை மேல் தளத்துக்குக் கொண்டுபோகலாம். இதற்கு மாடியில் பத்து, பதினைந்து சதுர அடி இடம் போகும்.

கண்ணாடியைப் போல்ட் போட்டுக் கழற்றும்படி இப்போதே பொருத்தச் சொல்லுங்கள். மூன்றரைக்கு மூன்றரை லேமினேட் கண்ணாடி அப்படியே மேலே ஏறி உட்காரும். கீழே தளத்தின் திறப்பையும் சுற்றியுள்ள கம்பிகளையும் மாடியின் பளுவுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தரும்படி இன்ஜினியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.